நீல ஸ்டூல்

செவ்வாய், வெள்ளி. காலை ஆறேகால்.
சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா கேட்டில்
மீன் மார்க்கெட்டின் ஐஸ் உருகிய வாடை
எங்களுக்கு முன்பே வந்து நிற்கும்.

சட்டம் ஒன்றே ஒன்று:
யார் மெதுவோ அவர் முன்னால்.

ஆகவே முதலில் எபினேசர்.
இடுப்பெலும்பில் மூன்று ஸ்க்ரூ.
அவர் வாக்கர்தான் எங்கள் தாளம்.
டக்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
டக்.

அடுத்து மெஹருன்னிசா.
மருந்து தின்று தீர்த்த முடி
முக்காட்டுக்குள் மறுபடி முளைக்கிறது.
வேப்பமரம் வந்ததும்,
யாரும் பார்க்காத நேரமாய்ப் பார்த்து
விரல்விட்டுத் தடவிக்கொள்வாள்.
எல்லோரும் பார்ப்போம்.
பார்த்துவிட்டு
வேப்பமரத்தைப் பார்ப்போம்.

பைபாஸ் கோதண்டபாணிக்கு ஒரே குறை:
"நெஞ்சைத் திறந்து பார்த்தாரே டாக்டர்,
உள்ள என்ன இருந்துச்சுன்னு
ஒரு வார்த்தை சொன்னாரா?"
சுற்றுக்கு ஒருமுறை கேட்பார்.
சுற்றுக்கு ஒருமுறை சிரிப்போம்,
தையல் பிரியாத அளவுக்கு.

கடைசியில் நான், வேதாசலம்.
போன கார்த்திகையில்
பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் பிரஷ் நழுவியது.
எடுக்கக் குனிந்தேன்.
குனிந்தது வலப்பாதி மட்டும்.

பெரியாஸ்பத்திரி பிசியோ ஹேமாவதி
ஒருநாளும் "நடங்க" என்றதில்லை.
"அந்த பெஞ்சுல பூனை இருக்கான்னு
பார்த்துட்டு வரலாமா?" என்பாள்.
அறுபதடி. இருந்தால் சந்தோஷம்.
இல்லையென்றால், அடுத்த பெஞ்சு.

நீல பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று
எங்களோடு சுற்றிவரும்.
யாருக்கு மூச்சு முட்டினாலும் அவர் சிம்மாசனம்.
அதைத் தூக்கிவந்தவன் லோகு.
முழங்கால் சேர்ந்து, லைசென்ஸ் புதுப்பித்து,
போன மாதம் லாரி ஏறிவிட்டான்.
ஓசூரிலிருந்து ஒரு போன். அதோடு சரி.
ஸ்டூல் வாட்ச்மேன் அறையில் கிடந்தது.

இப்போது நான் சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

ஆடி பிறந்தபோதே
என் கால் திரும்பி வந்துவிட்டது.
மூன்று மாடி ஏறுகிறேன்,
மெட்ரோ வாட்டர் குடம் இடுப்பில் இருக்க.
பூங்கா கேட் வந்ததும்தான்
இடது செருப்பைக் கொஞ்சம் இழுக்கிறேன்.
தேயும் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவே.
குணமானவனுக்கு இங்கே என்ன வேலை?
வேறெங்கே, எந்த வாசலில்,
ஆறேகாலுக்கு என் பெயரைச் சொல்லி
"இன்னும் வரலியா?" என்று கேட்கப்போகிறார்கள்?

புரட்டாசியில் ஒரு வெள்ளி.
மூன்றாவது சுற்று.
டக்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகும் ஒன்றுமில்லை.
எபினேசரின் கை வாக்கரிலேயே நடுங்க,
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
"ஸ்டூல்" என்றாள் ஹேமாவதி,
யாரையும் பார்க்காமல்.

ஓடினேன்.
இரண்டு காலாலும்.
மேலே பறக்கும் ரயில் போய்க்கொண்டிருந்தது.
அந்த இரைச்சலில் மறைந்துவிடலாம் என்று
நினைத்தேனோ என்னவோ.
திரும்பியும் ஓடியே வந்தேன்.

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.
"வாக்கர்தான் களைச்சுப்போச்சு" என்றார்.
அப்புறம்தான் உறைத்தது,
என் மூச்சு அவர் மூச்சைவிடச் சத்தமாய்,
என் இடது கால்
ஒழுங்காய், நேராய், வெட்கமில்லாமல் நின்றிருந்தது.

மெஹருன்னிசா,
கோதண்டபாணி,
ஹேமாவதி,
மூவரும்
வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த செவ்வாய் கேட்டில்
நான் வழக்கமாய் நிற்கும் இடத்தில்
ஸ்டூல் நின்றது, துடைத்துவைத்து.
தூக்கிக்கொண்டேன்.
செருப்பை இழுக்கவில்லை.
நல்ல காலை வைத்துக்கொண்டு
இவ்வளவு மெதுவாய் நடப்பது
இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.
லோகு கூட.

டக்.

பெஞ்சில் இன்றைக்குப் பூனை இல்லை.
ஹேமாவதி வாய் திறக்குமுன்
எபினேசர் கழுத்தை மட்டும் திருப்பி,
"அடுத்த பெஞ்சுல
இருக்கான்னு பார்த்துரலாமா?"